சரி பண்ணியாச்சு

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீயில் சர்க்கரை சரியாக இருந்தது, மேடம். எங்கள் வீட்டில் அது என்றைக்குமே சரியாக இருந்ததில்லை. அப்பாவுக்கு ஒரு கரண்டி கூட வேண்டும், அம்மாவுக்கு அரைக் கரண்டி குறைய வேண்டும். இரண்டு டம்ளரில் தனித்தனியாகக் கலந்தால் தீர்ந்துபோகிற விஷயம். ஆனால் ஒரே பாத்திரத்தில்தான் போடுவார்கள். போட்டுவிட்டு அதைப் பற்றி அரை மணி நேரம் சண்டை பிடிப்பார்கள். இருபத்தேழு வருஷம் எனக்குப் பொழுது அப்படித்தான் விடிந்தது.

நடந்ததை என் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். அதில் எனக்குச் சிரமம் ஒன்றுமில்லை. உத்திரமேரூரில் தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் எட்டு வருஷமாக மனு டைப் அடிக்கிறேன். வரப்பை வெட்டிவிட்டான், பாகம் பிரித்துக் கொடுக்க மாட்டேன் என்கிறான், மருமகள் சோறு போடவில்லை என்று ஆட்கள் வாசலிலேயே கத்திக்கொண்டு வருவார்கள். நான் நாற்காலியைக் காட்டி மெதுவாகச் சொல்லச் சொல்வேன். அவர்கள் ஒரு மணி நேரம் கத்தியது 'மேற்படி நபர் என்னைத் தகாத வார்த்தைகளால் பேசினார்' என்ற ஒரு வரிக்குள் அடங்கிவிடும். படித்துக் காட்டினால் அவர்களுக்கே அது யாருடைய சண்டையோ மாதிரி இருக்கும். எனக்குப் பிடித்த வேலை அது.

நீங்கள் கேட்டது ஏணியைப் பற்றி மட்டும்தான். ஏணியைச் சொல்ல வேண்டுமானால் மோட்டார் கொட்டகையைச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மானாம்பதியில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஒரு தளம் போட்ட வீடு. அப்பா பெயர் தாண்டவராயன், நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அம்மா தாயாரம்மாள். என் பெயர் தேவயானி. என்னைவிட ஆறு வயது இளையவன் தம்பி வெங்கடேசன். அப்பாவுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. அம்மாவை ஒரு நாளும் கை நீட்டியதில்லை. ஊரில் விசாரித்தால் நல்ல குடும்பம் என்றுதான் சொல்வார்கள். அதனாலேயே எங்களால் யாரிடமும் போய்ச் சொல்ல முடியவில்லை. அடிபட்டிருந்தால் காயத்தைக் காட்டலாம். டீயில் சர்க்கரை கூடிப்போனதை யாரிடம் காட்டுவது?

கதவை ஏன் சாத்தினாய் என்று ஒரு நாள், ஏன் சாத்தவில்லை என்று மறுநாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது யார், காட்டாதது யார். டிவி சத்தம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் அப்பாவின் தங்கை பேசிய ஒரு பேச்சு. சோறு தின்னும்போது, குளிக்கும்போது, படுத்த பிறகு பாயில் புரண்டுகொண்டே. இரண்டு பேருக்கும் நல்ல குரல்.

பத்து வயதில் நான் ஒரு வித்தை கற்றுக்கொண்டேன். சத்தம் தொடங்கியதும் சுவரில் மாட்டியிருக்கிற காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் காது தானாக அடைத்துக்கொள்ளும். வாய் அசைவது தெரியும், சத்தம் வராது. அது காதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பத்தொன்பது வயதில் சோறு வடிக்கும்போது கஞ்சி காலில் கொட்டியது எனக்குத் தெரியவில்லை. கொப்புளம் கிளம்பிய பிறகு தம்பிதான் பார்த்துவிட்டு அழுதான்.

இருபத்து மூன்று வயதில் மதுராந்தகத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காபியை எவர்சில்வர் டம்ளரில் கொடுப்பதா, பீங்கான் கப்பில் கொடுப்பதா என்று சமையல்கட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தகராறு. கூடத்தில் இருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. அவர்கள் மரியாதையாகக் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். போன பிறகு, யாரால் போனார்கள் என்று ஒரு சண்டை நடந்தது. அடுத்த இரண்டு இடமும் ஏறக்குறைய அப்படியே கலைந்தது.

கலைச்செல்வன் என்று ஒருவர் எங்கள் கடைக்கு எதிரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். எட்டு மாதம் பழகினோம், கல்யாணம் வரைக்கும் பேச்சு வந்தது. ஒரு சாயங்காலம் இருவரும் பஸ்ஸில் வந்தோம். கூட்டு ரோட்டில் நிறுத்தவில்லை என்று அவர் கண்டக்டரிடம் குரலை உயர்த்தினார். நியாயம் அவர் பக்கம்தான். நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. இரண்டு மாதம் கடை வாசலில் வந்து நின்று என்ன தப்பு செய்தேன் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். உண்மையிலேயே எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. எதுவுமே இல்லை.

என்னைப் பற்றி இவ்வளவு போதும். நான் பழகிக்கொண்டேன். தம்பியால் முடியவில்லை.

அவன் பரீட்சைக்குக் கிளம்புகிற அன்றெல்லாம் வாந்தி எடுப்பான். ஏனாத்தூரில் காலேஜ் சேர்ந்த பிறகு, கிளாஸ் முடிந்தும் வீட்டுக்கு வராமல் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ் வரைக்கும் உட்கார்ந்திருப்பான். முடி கொட்டியது. நாலு பாடத்தில் அரியர் விழுந்தது. சட்டை தோளில் நிற்காமல் தொங்கியது. டாக்டர் அல்சர் என்று மாத்திரை கொடுத்தார். அந்த மாத்திரையை யார் வாங்கி வருவது என்று வீட்டில் சண்டை.

அவன் மூன்றாம் வருஷம் படிக்கும்போது ஒரு பெண் என்னைத் தேடிக் கடைக்கு வந்தாள். சுதா என்று பெயர் சொன்னாள். தம்பியோடு படிக்கிறவள். இரண்டு பேருக்கும் இஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"உங்க தம்பியாண்ட சண்டையே போட முடியலக்கா" என்றாள். "ஏதாச்சும் கேட்டா கல்லு மாதிரி ஆயிடறாரு. நாலு நாளு போன் எடுக்க மாட்டாரு. கோவமா கீறாரா, இன்னான்னே தெரியல. எனக்குப் பயமா கீதுக்கா."

அன்றைக்குக் கிணற்றுப் பக்கம் தம்பியை அழைத்துப் போய்க் கேட்டேன்.

"சத்தம் கேட்டா வயிறு இஸ்துக்குதுக்கா" என்றான். "அவ திட்டறது எனக்குக் கேக்கறதே இல்ல. அம்மா நைனா கொரலு தான் கேக்குது. போன வாரம் இங்க வந்து கொஞ்ச நேரம் நின்னுக்கினு இருந்தேன். அப்பறம் வூட்டுக்கு வந்துட்டேன்."

எங்கே நின்றான் என்று நான் கேட்கவில்லை. கிணற்றின் விளிம்பைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

எடுத்த எடுப்பில் நான் எதையும் செய்துவிடவில்லை. முதலில் அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்துப் பேசினேன். தம்பி உடம்பு கெடுகிறது, கொஞ்சம் சத்தம் குறையுங்கள் என்றேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு ஆச்சரியம்.

"நாங்க எங்கம்மா சண்ட போட்டோம்?" என்றார். "பேசிக்கினு தான கீறோம்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் அப்படித்தான் நம்பினார். பிறகு, பிள்ளை உடம்பு கெட்டது யாரால் என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். நான் எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தேன். சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவராக இருந்தால் வீடு அடங்கிவிடும் என்று அப்போது தோன்றியது. கோபத்தில் தோன்றியதல்ல. பல்லி சத்தம் போடுவதைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டேன்.

யார் என்பதை ஒரு மாதம் கவனித்தேன். பெரும்பாலும் தொடங்குவது அம்மா. கடைசி வார்த்தையும் அம்மாவுடையதுதான். அப்பா நடுவில் பதில் சொல்வார். அம்மாவை எனக்குப் பிடிக்காது என்று எழுதிக்கொள்ள வேண்டாம், மேடம். இரண்டு பேரில் எனக்கு அம்மாவைத்தான் அதிகம் பிடிக்கும். தலைக்கு எண்ணெய் தேய்த்தால் தூக்கம் வந்துவிடும், அப்படி ஒரு கை அவளுக்கு.

மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டி பழுதாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தொட்டால் ஷாக் அடிக்கும். பம்பிலிருந்து ஒழுகி ஒழுகித் தரை எப்போதும் ஈரமாகவே இருக்கும். அதனால் அப்பா ஒரு காய்ந்த வேப்பங்குச்சியை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அதைக் கொண்டுதான் பட்டனை அழுத்த வேண்டும். ஆளைக் கூட்டிவந்து சரி செய் என்று அம்மா தினமும் சொல்வாள், நாளைக்கு என்று அப்பா தினமும் சொல்வார். ஒரு தடவை அம்மா என்னிடம் அந்தக் குச்சியைக் காட்டி, "ஒங்கப்பன் வெச்ச லைன்மேன் தொங்கிக்கினு கீறான் பாரு" என்றாள். நானும் சிரித்தேன். இரண்டு வருஷத்தில் அவர்கள் அதிகமாகச் சண்டை போட்டது அந்தப் பெட்டியைப் பற்றித்தான்.

அது ஆவணி மாதம். நாற்றங்காலுக்குத் தினமும் தண்ணீர் விட வேண்டியிருந்தது. அந்த வாரம் காலை ஆறு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வரும். முந்தின நாள் சாயங்காலம் நான் கொட்டகைக்குப் போய் அந்தக் குச்சியை எடுத்துவந்து வெந்நீர் அடுப்பில் வைத்தேன். நன்றாகக் காய்ந்த குச்சி, சீக்கிரம் பிடித்துக்கொண்டது. மறுநாள் விடியும்போதே அப்பா சொசைட்டியில் உரத்துக்கு வரிசையில் நிற்கக் கிளம்பிவிட்டார். அது எனக்கு முன்பே தெரியும்.

அம்மா சாணி தெளித்துவிட்டு வந்தாள். "நைனா ஸ்டார்ட்டர சரி பண்ணிட்டாரும்மா. நேத்து நீ சந்தைக்குப் போயிருந்தப்ப ஆளு வந்து பாத்துட்டுப் போனாங்க" என்றேன்.

அவள் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள். "நெசமாவா? அந்த மனுசனா?"

"குச்சியகூட எடுத்துப் போட்டுட்டாரு" என்றேன்.

அம்மாவின் முகம் லேசாக மாறியது. "ரெண்டு வருசமா கேட்டுக்கினு கீறேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னாரா பாரு, அமுக்கன்" என்றாள். "சாயங்காலம் மீன் கெடச்சா வாங்கிக்கினு வா. கொழம்பு வெக்கலாம். அந்தாளுக்குப் புடிக்கும்."

சரி என்றேன். அவள் முடியை அள்ளிச் செருகிக்கொண்டு வயல் பக்கம் போனாள். நான் குளித்து, சாப்பிட்டு, ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தேன்.

பக்கத்து நிலத்துக்காரர் பாண்டுரங்கன் ஒன்பது மணிக்குப் போன் செய்தார். அடித்துக்கொண்டிருந்த மனுவில் நாலு வரி பாக்கி இருந்தது. முடித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மின்கசிவு விபத்து என்று பதிவானது. அப்பா கொடுத்த வாக்குமூலம் உங்கள் ஸ்டேஷன் ஃபைலில் இருக்கும். 'மேற்படி ஸ்டார்ட்டர் பழுதாக இருப்பதை அறிந்தும் எனது கவனக்குறைவால் சரிசெய்யாமல் விட்டுவிட்டேன்' என்று இருக்கும் பாருங்கள். அது என் கையெழுத்து. அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். அவர் கீழே கையெழுத்துப் போட்டார்.

கருமாதி முடிந்த பிறகு வீடு நான் நினைத்த மாதிரியே ஆனது. பகலில் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. தம்பி முதல் மாதம் தூங்கிக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்து அரியர் எல்லாம் முடித்தான். ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அவனைப் பார்க்கும்போதெல்லாம் நான் செய்தது சரி என்று எனக்குத் தெரிந்தது.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். சோற்றில் கை வைத்ததும், "கொழம்புல உப்பு தூக்கலா கீது" என்பார். சொல்லிவிட்டுச் சமையல்கட்டு வாசலைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு சாப்பிடுவார். உப்பு சரியாகத்தான் இருக்கும், நான்தான் சமைக்கிறேன்.

அவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். ஆணியில் குச்சி இல்லாவிட்டால் அவள் ஏன் வேறொரு குச்சியை எடுக்கவில்லை? அவசரத்தில் மறந்திருப்பாள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு நாள் அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார்.

"எம்மேல கீற கோவத்துல தான் கைய வெச்சிருப்பா" என்றார்.

நான் அதை மறுக்கவில்லை. அவருக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அம்மாவுக்கு வருஷத் திதி கழித்து, தை மாதம் தம்பிக்கும் சுதாவுக்கும் கல்யாணம் நடந்தது. நான்தான் முன்னின்று நடத்தினேன். சுதா என்னை நாத்தனாராக நினைக்கவில்லை. கடைக்கு வந்த நாளில் கூப்பிட்ட மாதிரியே அக்கா என்றுதான் கூப்பிடுவாள். நல்ல பெண். ஆனால் அவள் பிறந்த வீடு காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம், எட்டுப் பேர் இருக்கிற வீடு. அங்கே எல்லோரும் கத்துவார்கள். கத்திவிட்டு ஒரே தட்டில் முறுக்கு தின்பார்கள். அவளுக்கு வேறு மாதிரி பேசத் தெரியாது.

முதல் இரண்டு மாதம் தம்பி பழையபடி கல்லாகத்தான் இருந்தான். அவள் விடவில்லை. அவன் எதிரில் போய் உட்கார்ந்துகொண்டு, "திருப்பிச் சொல்லு. எனக்கு ஒறைக்கிற மாதிரி எதனா சொல்லு" என்பாள். சித்திரை மாதம் ஒரு காலையில், அவள் போட்ட கோலத்தின் மேல் அவன் பைக்கை ஏற்றிவிட்டான். அவள் சத்தம் போட்டாள். அவனும் சத்தம் போட்டான். தம்பியின் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அப்படியே அப்பாவுடைய குரல். நான் வாசலில் முறத்தோடு நின்றிருந்தேன். அரிசி கீழே கொட்டிக்கொண்டிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

பத்து நிமிஷத்தில் இருவரும் சிரித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தரம் நடந்தது. துவைத்த துணி, போன் சார்ஜர், அவள் அம்மா வீட்டுக்குப் போகிற நாள். சுதாவிடம் நான் தன்மையாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சண்ட இல்லன்னா அது இன்னாக்கா குடும்பம், சத்திரமா? மனசுல வெச்சிக்கினா தான் பேஜாரு. கத்திட்டா தீந்துபூடும்."

தம்பியிடமும் கேட்டேன். வயிறு எப்படி இருக்கிறது என்று. "அவகூட சண்ட போட்டா அப்பறம் நல்லா பசிக்குதுக்கா" என்றான். அவன் உடம்பு தேறியிருந்தது உண்மைதான். சட்டை தோளில் நின்றது. மாத்திரை டப்பா அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. ஆனால் அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் இப்படித்தான் சிரித்திருப்பார்கள். இது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டு மாடிக்குப் படிக்கட்டு கிடையாது. இரும்பு ஏணிதான். மேலிருந்து மூன்றாவது படியில் ஒரு பக்கம் வெல்டிங் விட்டுப்போய், கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். அந்தப் படியை விட்டுவிட்டு அடுத்ததில் கால் வைத்து ஏறுவோம். வெல்டிங் வை என்று சுதா சொல்வாள், ஞாயிற்றுக்கிழமை என்று தம்பி சொல்வான். புரட்டாசி வரைக்கும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. கடைசி ஒரு வாரம் காலையும் மாலையும் அதே பேச்சு. நான் அந்த வாரம் சரியாகத் தூங்கவில்லை.

சனிக்கிழமை கடைக்கு லீவு போட்டேன். தம்பி ஷிப்டுக்குப் போயிருந்தான், அப்பா வயலில் இருந்தார். சுதா முந்தின நாளே மாடியில் மிளகாய் காயப் போட்டிருந்தாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் கயிற்றை அவிழ்த்தேன். படியை அதன் இடத்தில் பொருந்தினாற்போல் வைத்து, ஜன்னலுக்கு அடித்த பச்சை பெயிண்ட் கொஞ்சம் மீதி இருந்தது, அதைப் பூசினேன்.

"காலைல நீ ரேஷனுக்குப் போயிருந்தப்ப தம்பி வெல்டிங் ஆளக் கூட்டியாந்து சரி பண்ணிட்டாம்மா. பெயிண்ட்டுகூட அடிச்சாச்சு" என்று சொன்னேன்.

"அய்ய, எங்கிட்ட சொல்லவே இல்ல பாருக்கா" என்றாள். அம்மாவுடைய முகம் மாறிய மாதிரியே அவள் முகமும் மாறியது. அதை நான் கவனித்தேன். கவனித்ததோடு சரி.

அவள் விழுந்த சத்தம் கேட்டதும் 108-க்குப் போன் செய்தது நான்தான். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வண்டி வரும் வரைக்கும் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சத்தம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அம்மா விஷயத்திலும் நான் அவ்வளவுதான் நினைத்தேன்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் இடுப்பில் ஆபரேஷன் செய்தார்கள். நடக்க ஆறு மாதமாவது ஆகும் என்றார்கள். மூன்றாம் நாள் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். வார்டு வாசலிலேயே அவர்கள் பேச்சு கேட்டது. படுத்த படுக்கையிலும் அவள் சண்டைதான் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா வெல்டிங் வெச்ச நீ? கால வெச்சதும் பேந்துக்கினு வருது."

"நான் எங்கடி வெல்டிங் வெச்சேன்?"

"நீ தான் ஆளக் கூட்டியாந்து வெச்சன்னு அக்கா சொன்னாங்க."

"ஞாயித்துக்கெழம தான வெக்கிறேன்னு சொன்னேன்?"

நர்ஸ் வந்து இரண்டு பேரையும் அதட்டினார். அவர்கள் நிறுத்திவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு தம்பி திரும்பினான். நான் கஞ்சி பிளாஸ்க்கோடு வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

இதை நான் யோசித்திருக்க வேண்டும். அம்மா உயிரோடு திரும்பியிருந்தால் அன்றைக்கு மத்தியானமே அப்பாவிடம் இதே சண்டையைத்தான் போட்டிருப்பாள். அரை மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்திருக்கும். சண்டை போட ஆள் இல்லாததால் இரண்டு வருஷம் யாருக்கும் தெரியவில்லை.

மேற்படி இரண்டு காரியத்தையும் செய்தது நான்தான். தேவயானி, தகப்பனார் பெயர் தாண்டவராயன், மானாம்பதி கிராமம். சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன். வழக்கமாக இந்த வரியோடு மனு முடிந்துவிடும். இன்னும் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது.

இன்றைக்கு மத்தியானம் தம்பி வந்திருந்தபோது பத்து நிமிஷம் எங்களைப் பேசவிட்டீர்கள். அவன் உட்காரவில்லை. ஏணியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அம்மாவுமா?" என்றான்.

"ஆமாண்டா" என்றேன். "நைனா சரி பண்ணிட்டாருன்னு சொன்னேன். சந்தோஷமா தான் போனாங்க."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தினால் கேட்டுக்கொள்வது என்றும் தயாராக இருந்தேன். ஆனால் அவன் வெளியே போய் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தான். இந்த ஜன்னல் வழியாக அவன் எனக்குத் தெரிகிறான். செங்கல்பட்டு பஸ் மூன்று போய்விட்டது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மழை பிடித்தது. பெஞ்சில் இருந்த மற்றவர்கள் உள்ளே ஓடிவந்தார்கள். உங்கள் ஏட்டையா அவன் தோளைத் தொட்டுக் கூப்பிட்டார். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை, ஒன்றுமே இல்லை.

அவன் பிறந்ததிலிருந்து இவ்வளவு நிம்மதியாக நான் அவனைப் பார்த்ததில்லை, மேடம்.